சிலந்தி நண்டைத் தின்ன ஆள் வேண்டும்

“இனிமே உன் வாசலுக்கு லாரி வராது, லவ்டே.”

சொன்னவள் சுவாஸிக். கடலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக் கரையில் மீன் மொத்த வியாபாரம் செய்பவள். கேட்டவள் லவ்டே நான்கர்விஸ். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போர்த்வெல்லன் என்ற சின்னத் துறையில் நண்டுக் கொட்டகை வைத்திருப்பவள். இருபது வருஷமாக இரண்டு பேரும் தொலைபேசியில் விலை பேசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை.

“இந்த வாரம் வராதுங்கிறியா?”

“எந்த வாரமும்.”

லவ்டே ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். சிலந்தி நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நீண்ட முள்கால்களைப் பின்னிக்கொண்டு கிடந்தன. வசந்தம் வந்தால் அவை ஆழத்திலிருந்து கரையோரத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். பழுப்பு நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் உள்ளூர் ஓட்டல்களில் கிராக்கி உண்டு. சிலந்தியை மட்டும் அந்தக் கரையில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். பிடிப்பது இவர்கள், தின்பது பிரெஞ்சுக்காரர்கள். வசந்தம் முழுக்கப் படகுக்காரர்களின் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த லாரியால்தான்.

“போன லோடுல என்ன குறை?” என்றாள் லவ்டே.

“உன் லோடுல குறை இல்ல. லாரி உங்க துறைமுகத்துல ஒரு முத்திரைக்காக நின்னுச்சு. எங்க துறைமுகத்துல இன்னொரு முத்திரைக்காக நின்னுச்சு. கதவைத் திறந்தா பாதி செத்துக் கிடக்கு. செத்த சிலந்தியை எவன் வாங்குவான்?”

“வேற பெரிய வியாபாரிங்ககிட்ட எடுக்கிறேல்ல?”

“அவங்க லாரி லாரியா குடுக்கிறாங்க. நண்டுக்கு நோய் இல்லன்னு மாட்டு டாக்டர் ஒரு லாரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாலும் அதே பீஸு, உன் பத்துப் பெட்டியைப் பார்த்தாலும் அதே பீஸு. முன்னெல்லாம் டிரைவர் போற வழியில டீ குடிக்க நிறுத்துற மாதிரி உன் துறைக்குத் திரும்பி ஏத்திட்டு வந்துடுவான். இப்ப அந்தத் திருப்பத்துக்கே நான் தனியா அழணும்.”

“நாங்க ஒன்றியத்தை விட்டுத்தான் போனோம். உன்னை விட்டுப் போகலையே, சுவாஸிக்.”

“நீங்க யாரை விட்டுப் போனீங்கன்னு உங்களுக்கே தெரியாது. நண்டுக்குத் தெரிஞ்சிருக்கு. பாதி வழியில உயிரை விடுது. எனக்கும் சந்தோஷம் இல்ல. உன்னை மாதிரி விலைக்குக் கத்துறவ எனக்கு வேற யாரு இருக்கா?”

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்து அது இரண்டாவது வசந்தம்.

பகலில், அவள் கொட்டகைக்கு நண்டு கொடுக்கும் மூன்று படகுகளும் துறைக்குத் திரும்பின. முதலில் வந்தது லவ்டேயின் தம்பி டென்சிலின் படகு. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தவன் அப்படியே நின்றான்.

“என்னக்கா, தொட்டி காலியாகவே இல்ல? இதை எங்க கொட்டறது?”

“லாரி வரல. இனிமே வராது.”

பின்னாலேயே வந்த கியூபர்ட் தன் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் சொந்தப் படகு. வாய் மட்டும் படகைவிடப் பெரிசு.

“உன் தம்பிதானே பாய்மரத்துல கொடி கட்டிட்டுச் சுத்தினான்? வெளியே போனா கடல் முழுக்க நம்மதுன்னு.”

“இப்பவும் நம்மதுதான்” என்றான் டென்சில்.

“ஆமா. கடல் நம்மது, நண்டு நம்மது. தின்ற வாய்தான் அந்தாண்ட போயிடுச்சு.”

“நீ எதுக்கு ஓட்டுப் போட்டே, சொல்லேன்.”

“நான் போகவே இல்லப்பா. அன்னிக்கு வயித்து வலி.”

“உனக்கு வேலை இருக்கிற அன்னிக்கெல்லாம் வயித்து வலிதான்.” டென்சில் அக்காவின் பக்கம் திரும்பினான். “நீயும்தான் வெளியேன்னு போட்டே. என்னை மட்டும் பார்க்காதே.”

“போட்டேன்” என்றாள் லவ்டே. “அதுக்காகக் கையைக் கட்டிட்டு உட்கார்றேன்னு யாருக்கும் எழுதிக் குடுக்கல.”

டென்சில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாதபோது அவன் அப்படித்தான் செய்வான்.

“அக்கா, சூப்பர் மார்க்கெட்டுல வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோற வேன் ஓட்ட ஆள் கேட்கிறாங்க. எனக்கும் கியூபர்ட்டுக்கும் இடம் இருக்கு. திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டையெல்லாம் மேல ஏத்திடலாம்னு பார்க்கிறேன்.”

கூடு என்றால் நண்டு பிடிக்கக் கடலடியில் இறக்கி வைக்கும் கூண்டு. ஒரு தடவை கரையில் ஏற்றி அடுக்கின கூடு மறுபடி கடலுக்குப் போனதை அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. முதலில் அதன்மேல் புல் முளைக்கும், பிறகு வெளியூர்க்காரன் ஒருவன் தோட்டத்து அலங்காரத்துக்கு வாங்கிக்கொண்டு போவான். இரண்டு படகு நின்றுவிட்டால் கொட்டகையும் நிற்கும். தொட்டிக்குக் கடல்தண்ணீர் ஏற்றும் பம்பு, மூன்று படகு நண்டுக்குக் குடிக்கிற கரண்டைத்தான் ஒரு படகு நண்டுக்கும் குடிக்கும்.

“சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கூட்டைத் தொடாதே” என்றாள் லவ்டே. “அதுவரைக்கும் நீங்க கொண்டுவர்றதை நான் எடுத்துக்கிறேன்.”

“எடுத்து?”

“விக்கிறேன். இங்கேயே.”

“சிலந்தியையா? இங்கேயா?” கியூபர்ட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அதைத் தின்றதுக்குப் பதிலா நான் அந்தக் கொடியையே வேக வச்சுத் தின்னுடுவேன்.”

அன்று பிற்பகலே லவ்டே ஒரு பெட்டி நண்டை ‘நீல நங்கூரம்’ பப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே சமையல் கெராவின் கையில். முப்பது வயசுக்காரி. வார்த்தையை வெண்ணெய் தடவிப் பேசத் தெரியாதவள்.

“வை, பார்க்கிறேன்” என்றவள், கொதிக்கிற தண்ணீரில் நாலைப் போட்டாள். வெந்ததும் கொடுக்குகளை முறித்துத் தட்டில் உதறினாள். தீக்குச்சி மாதிரி நாலு துணுக்கு விழுந்தது.

“இவ்வளவுதானா, லவ்டே அக்கா?”

“இவ்வளவுதான் போலிருக்கு.”

“பழுப்பு நண்டுல ஒரு கொடுக்கு இருந்தா ஒரு ஆளுக்கு சாண்ட்விச் ஆகும். இதுல ஒரு பூனைக்குக்கூட ஆகாது. நான் எதைத் தட்டுல வச்சு எவ்வளவுன்னு கேட்கிறது? கோச்சுக்காதே, எடுத்துட்டுப் போயிடு.”

லவ்டே கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டென்சிலைக் கூப்பிட்டாள். தன் அடுப்பில் இன்னும் நாலைக் கொதிக்கப் போட்டாள். கொடுக்கை உடைத்தார்கள். அதே தீக்குச்சிதான். உடம்பையும் காலையும் கடற்புறாக்களுக்கென்று வாளியில் எறிந்தார்கள்.

“சொன்னேன்ல” என்றான் டென்சில்.

“நீ எதைச் சொல்லல? எல்லாத்தையும்தான் சொல்றே.” லவ்டே போனை எடுத்துச் சத்தமாக வைத்து மேஜைமேல் நிறுத்தினாள்.

“சுவாஸிக், ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. இருபது வருஷமா காசு குடுத்து வெறும் ஓட்டையா வாங்கிட்டுப் போனீங்க? இந்தக் கொடுக்குல ஒண்ணுமே இல்லையே.”

“கொடுக்கையா உடைச்சே?”

“பின்ன எதை உடைப்பாங்க? நண்டுன்னா கொடுக்குதானே.”

“மிச்சம் எங்க?”

“வாளியில. பறவைக்கு.”

சுவாஸிக் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த போன் நகர்ந்துவிடும் போலிருந்தது. டென்சில் முறைத்தான்.

“லவ்டே, இத்தனை வருஷமா எனக்கு விக்கிறே. ஒரு நாள்கூட நீ தின்னதே இல்லையா?”

“செருப்புக் கடைக்காரன் செருப்பைத் தின்னா பார்க்கிறான்?”

“செருப்புல கறி இல்லம்மா. போ, வாளியை எடு.”

“டென்சில், வாளியை எடு.”

“குப்பையிலேர்ந்தா?”

“உன் வாய்க்கு நான் ஊட்டப்போறதில்ல. எடு.”

சுவாஸிக் சொல்லச் சொல்ல லவ்டே செய்தாள். மேலோட்டைக் கழற்றினாள். உடம்பை நடுவில் இரண்டாக வெட்டினாள். ஒவ்வொரு காலும் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு சின்ன அறை, அதை ஒட்டி இன்னொன்று, தேனடை மாதிரி. சின்னக் கரண்டியின் காம்பால் நெம்பினாள். கறி வந்தது. ஆனால் கூழாக, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது.

“ஈரத்துணி மாதிரி இருக்கே.”

“கொதிக்கிற தண்ணியில போட்டியா?”

“நாங்க எல்லாரும் அப்படித்தான் போடுவோம்.”

“அது உங்க தடித்தோல் நண்டுக்குச் சரி. சிலந்தி சுடுதண்ணியைப் பார்த்ததும் காலை உதறிடும். உதறின இடத்து வழியா தண்ணி உள்ள புகுந்துடும். கடல்தண்ணி எடு. பச்சைத் தண்ணியா இருக்கும்போதே நண்டைப் போட்டு மூடு. அப்புறம் அடுப்பைப் பத்த வை. கத்தரிக்கோல் இருக்கா? காலை நீளவாக்குல வெட்டு. அவ்வளவுதான். என் அஞ்சு வயசுப் பேத்தி செய்வா.”

“அவளை அனுப்பி வை” என்றாள் லவ்டே. “முத்திரை குத்தாம விட்டாங்கன்னா.”

டென்சில் முணுமுணுத்துக்கொண்டே துறைக்குப் போய் ஒரு குடம் கடல்தண்ணீர் கொண்டுவந்தான். மறுபடி வேகவைத்தார்கள். இந்தத் தடவை கால் ஒன்றும் கழலவில்லை. கத்தரிக்கோல் ஓட்டைக் கிழித்துக்கொண்டு போக, உள்ளே கறி விரல் நீளத்துக்கு முழுசாக, வெள்ளையாக இருந்தது. லவ்டே வாயில் போட்டாள். இனித்தது. பழுப்பு நண்டைவிட இனித்தது. இதைச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டென்சில் ஒரு காலைத் தின்றான். இன்னொன்றை எடுத்தான். அப்புறம் இன்னொன்று.

“எப்படிடா இருக்கு?”

“பரவாயில்ல.”

“பரவாயில்லைக்கு நாலு கால் போயிருக்கு.”

“நம்ம கடல்ல இருக்கிற நண்டை பிரெஞ்சுக்காரன் சொல்லிக் குடுத்தா நாம தின்னணும்?”

“பிரெஞ்சுக்காரி” என்று போன் சொன்னது. “வைக்கிறேன். எனக்கும் பசிக்குது இப்ப. இங்க என் கடையில இன்னிக்குச் சிலந்தி இல்ல, தெரியுமா? தட்டு காலி.”

சனிக்கிழமை பள்ளி விடுமுறையின் முதல் நாள். விடுமுறைக்கு வந்து மொய்க்கும் வெளியூர்க்காரர்களை அந்தக் கரையில் எறும்பு என்றுதான் சொல்வார்கள். எறும்புகள் காலையிலேயே துறையில் ஊர ஆரம்பித்திருந்தன. லவ்டே கொட்டகை வாசலில் இரண்டு மேஜையைப் போட்டாள். பெரிய பானையில் கடல்தண்ணீரோடு நண்டை வைத்தாள். மேஜையில் அங்கங்கே கத்தரிக்கோல்களை மீன்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். டென்சில் கைகளைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி ஓரத்தில் நின்றான்.

வந்தவர்கள் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். நெடுநேரம் அதுதான் நடந்தது. ஒரு அம்மாள் குழந்தையின் கண்ணைப் பொத்தி அழைத்துப்போனாள்.

கியூபர்ட் டீயோடு வந்தான். “வியாபாரம் அமோகம் போல.”

“நில்லு, உனக்குக் கொடி வேகுது.”

உள்ளூர்க் கிழவி மிஸஸ் ட்ரெகியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். “லவ்டே, இந்தப் பூச்சியையா விக்கிறே? உங்கப்பன் இதைக் கூட்டுலேர்ந்து உதறி மிதிப்பான்.”

“உங்க பேரன் லண்டன்ல பச்சை மீனைச் சோத்துல சுருட்டித் தின்னுட்டு வந்து பெருமை அடிச்சான்னு நீங்கதானே சொன்னீங்க? இது வெந்ததுதான். உட்காருங்க.”

“எனக்குப் பல்லு இல்ல.”

“பல்லுக்கு இதுல வேலையே இல்ல.” லவ்டே ஒரு காலை வெட்டிக் கறியை அப்படியே உருவி அவள் கையில் வைத்தாள்.

கிழவி மென்றாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

“உங்கப்பன் மடையன்” என்றாள். “இன்னொண்ணு வெட்டு.”

அதற்கப்புறம் லவ்டேக்குத் தலை நிமிர நேரமில்லை. “முதல் கால் சும்மா. பிடிக்கலைன்னா நடையைக் கட்டுங்க” என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து உட்கார வைத்தாள். நாயோடு வந்த ஒருவர், “இதெல்லாம் எங்கேருந்து வருது?” என்று கேட்டார். “திரும்பிப் பாருங்க. அந்தத் தண்ணியிலேர்ந்து” என்றாள். குழந்தைகளுக்குக் கத்தரிக்கோல் பிடித்துப்போயிற்று. பெற்றவர்களால் கிளப்ப முடியவில்லை. டென்சிலைப் பார்த்து யாரோ, “இதை எப்படி வெட்டறதுங்க?” என்று கேட்க, அவன் கட்டின கையை அவிழ்த்து, “இப்படி இல்ல, நீளவாக்குல” என்று காட்ட வேண்டியதாயிற்று.

மதியச் சமையல் முடிந்து கெரா சமையல் ஏப்ரனோடு வந்தாள். நின்றபடியே ஒரு நண்டை முடித்தாள்.

“அன்னிக்கு நான் தப்பா வேக வச்சேனா?”

“நாம எல்லாரும்தான்.”

“எனக்கு இது வேணும், லவ்டே அக்கா. ஆனா ஓட்டோட வேணாம். சமையக்கட்டுல நான் ஒருத்தி. உட்கார்ந்து இதை வெட்டிட்டு இருந்தா ஆர்டர் யாரு போடறது? கறியா எடுத்துக் குடு. தினமும் வாங்கிக்கிறேன். மேட்டுத்தெரு ஓட்டல்காரனுக்கும் சொல்றேன், அவன் கேட்பான்.”

சாயங்காலம் எறும்புகள் கலைந்தன. தொட்டியில் பாதிக்கு மேல் நண்டு மிச்சம் இருந்தது. லவ்டே எதையும் மறைக்கவில்லை. கியூபர்ட்டையும் டென்சிலையும் மூன்றாவது படகுக்காரர்களான இரண்டு சகோதரர்களையும் கொட்டகைக்குள் கூப்பிட்டாள்.

“மிச்சம் உயிரோட இருக்கு. இப்பவே கடல்ல விட்டுடுங்க. இனிமே பெரிய ஆண் நண்டு மட்டும் கொண்டாங்க, கொஞ்சமா கொண்டாங்க. மிச்சத்தை அங்கேயே விடுங்க. பிடிச்சு, வேக வச்சு, உரிச்சு விப்போம்.”

“முன்னெல்லாம் பிடிச்சு லாரியில ஏத்தினா வேலை முடிஞ்சது” என்றான் கியூபர்ட். “இப்ப மூணு மடங்கு வேலை. அதே காசு.”

“அதே காசு வராது” என்றாள் லவ்டே. “குறையும். இந்த வருஷம் குறையும். அடுத்த வருஷம் எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினவங்க பேச்சையெல்லாம் கேட்டாச்சு.”

மூத்த சகோதரன் தம்பியைப் பார்த்தான். “எங்களுக்கு வேற என்ன தெரியும்? இருக்கோம்” என்றான்.

கியூபர்ட் எழுந்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. “எனக்கு வீட்டுக்கடன் இருக்கு, லவ்டே. வேன்காரன் மாசம் தவறாம குடுப்பான். தப்பா எடுத்துக்காதே.”

“எடுத்துக்கல. வேன்ல எங்களுக்கும் ஏதாவது கொண்டாந்து போடு.”

டென்சில் தொப்பியைக் கழற்றினான்.

“உரிக்கிறது யாரு?” என்றான் கடைசியில்.

“நாமதான். மத்தியானம் படகு வந்தப்புறம்.”

“நானா? கொட்டகையில உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடிச்சுட்டா? பொம்பளைங்க மாதிரியா?”

“பொம்பளைங்க மாதிரி உனக்கு வராது. மெதுவாத்தான் வரும். பழகிக்க.”

அவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். லவ்டே கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருகிறவன் இல்லை அவன்.

ஞாயிறு காற்று பலமாக இருந்தது. யாராலும் கூட்டைப் போய் எடுக்க முடியவில்லை. லவ்டேயும் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. நாள் முழுக்கக் கொட்டகையில் ஒரு பழைய மேஜையைத் தேய்த்துக் கழுவி, பானைக்கு மூடி தேடி, கெராவுக்குக் கறி அனுப்பப் புதுப் பாத்திரங்கள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு நாற்காலி போட்டாள். தம்பிக்கென்று போட்டதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுக்காமல் விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கியூபர்ட் சீருடைச் சட்டையோடு துறையைத் தாண்டிப் போனான். போகிற போக்கில் வேனின் ஒலிப்பானை அடித்தான். டென்சிலின் படகு கட்டுமிடத்தில் இல்லை. கூட்டை ஏற்றப் போனானா, பிடிக்கப் போனானா, அதைப் படகு வந்த பிறகுதான் சொல்ல முடியும். லவ்டே பானையில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

பகலில் படகு வந்தது. தளத்தில் கூடு அடுக்கியிருக்கவில்லை. மூன்றே பெட்டி. எல்லாம் பெரிய ஆண் நண்டு.

“இவ்வளவுதான் கொண்டாரச் சொன்னே” என்றான் டென்சில், சண்டைக்கு வருகிறவன் மாதிரி.

“ஆமா.”

“பெட்டைகளை விட்டுட்டேன். நூத்துக்கணக்குல. கை வலிக்குது.”

“வேன்காரன் கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான். அவன்கிட்ட காத்து பலமா இருக்குன்னு சொன்னேன்.”

“வேன் ஓட்டக் காத்து என்னடா பண்ணும்?”

“அதைத்தான் அவனும் கேட்டான்.”

நண்டு வெந்து ஆறினதும் நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சகோதரர்கள் இருவரும் வேகமாகப் பழகிவிட்டார்கள். லவ்டேயின் பாத்திரம் நிறைந்துகொண்டே வந்தது. டென்சில் மட்டும் ஒரு காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் ஓட்டை வெட்டாமல் மடக்கியது. கறி பிய்ந்து பிய்ந்து வந்தது. மூத்த சகோதரன் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

டென்சில் கத்தரிக்கோலை மேஜையில் பட்டென்று வைத்தான்.

“இது வலதுகைக்காரனுக்குச் செஞ்சது. எனக்கு இடதுகை. ஒரு அக்காவுக்கு இது தெரிய வேணாமா?”

“மறந்துட்டேன்.”

“டவுன்ல இடதுகைக் கத்தரிக்கோல் கிடைக்கும். நாளைக்கு வாங்கி வை. நல்லதா வாங்கு, மலிவுல வாங்காதே. சீசன் பூரா ஓடணும்.”

“வாங்கறேன்” என்றாள் லவ்டே. தன் கையில் இருந்த வெட்டின காலை அவன் பக்கம் தள்ளினாள். “அதுவரைக்கும் நீ கரண்டியால நெம்பு. வெட்டறதை நான் பார்த்துக்கிறேன். கெரா அஞ்சு மணிக்கு வந்துடுவா.”